காரின் மினுக்கம்: பொலிஷ் வேறு, மெழுகு வேறு

ரொறொன்ரோவில் வந்து குடியேறிய எங்கள் குடும்பங்களுக்குக் கார் என்பது ஆடம்பரப் பொருள் அல்ல. இரவு வேலை முடிகின்ற நேரத்தில் பஸ் ஓடாத இடத்திலே தொழிற்சாலை இருக்கின்றது. பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும். அம்மாவை வைத்தியரிடம் காட்ட வேண்டும். கையில் இருக்கின்ற காசுக்கு வாங்கக்கூடியதோ பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய கார்தான். வாங்கியதும் இஞ்சினைப் பற்றி ஒருவர் சொல்வார், ரயரைப் பற்றி இன்னொருவர் சொல்வார். பெயின்றைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. "அது வடிவுக்குத்தானே!" என்று விட்டுவிடுவார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

எங்கள் முதற் கார் கடும் நீல நிறம். நவம்பர் மாதத்து மாலை ஒன்றில், மழை தூறிக்கொண்டிருக்கையில், விற்பனை முற்றத்தின் மின்விளக்குகளுக்குக் கீழே அதைப் பார்த்தோம். கண்ணாடி மாதிரி மினுங்கியது. பொனற்றில் எங்கள் முகம் தெரிந்தது. இஞ்சினை ஒருக்கால் போட்டுக் கேட்டோம், சேப்ரி சான்றிதழைப் பார்த்தோம், சேர்த்து வைத்திருந்த காசைக் கொடுத்துவிட்டு வந்தோம். மூன்று முறை கழுவியதும் அந்த மினுக்கம் போய்விட்டது. வெய்யிலில் பார்த்தால் பொனற் முழுவதும் சிலந்திவலை பின்னியது போலக் கீறல்கள். அது போகட்டும் என்று இருந்தோம். ஏப்ரல் மாதம் பின்சில்லுக்கு மேலே உள்ள வளைவில் அரிசிமணி அளவில் நாலைந்து கொப்புளங்கள் தெரிந்தன. விரலால் ஒன்றை அமத்தினோம். விரல் உள்ளே போய்விட்டது. அங்கே தகரம் இல்லை. கறள் தின்ற இடத்தைப் பசையால் அடைத்து, மேலே பெயின்ற் அடித்து, அதற்கு மேலே மினுக்கியிருந்தார்கள். அந்த இடத்தை வெட்டித் தகரம் ஒட்டுவதற்குக் காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு போனது. அந்த இரண்டு கிழமையும் வேலைக்குப் போய்வர இன்னொருவரின் காரில் இடம் கேட்டு நின்றோம்.

அந்த வேலையைச் செய்து தந்தவர் எங்கள் கட்டடத்தில் ஆறாம் மாடியில் இருந்த ஓர் அண்ணை. இருபது வருடமாகப் பொடி சொப்பில் வேலை செய்தவர். காரை ஒருமுறை சுற்றி வந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மழையிலையும் இரவிலையும் காரும் பாக்கக்கூடாது, பொம்பிளையும் பாக்கக்கூடாது." வீட்டுக்காரி பக்கத்தில் நின்றதால் பிற்பகுதியை மெல்லத்தான் சொன்னார். பகிடியாகச் சொன்னாலும் முற்பகுதியில் முழு நியாயம் இருக்கின்றது. பெயின்ற் மினுங்குவதற்குக் காரணம் அதன் மேற்பரப்பு மட்டமாக இருந்து ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்புவதுதான். கீறல் விழுந்தால் ஒளி நாலாபக்கமும் சிதறும். நிறம் மங்கியது போலத் தெரியும். தண்ணீர் அந்தக் கீறல்களை நிரப்பி மட்டமாக்கிவிடும். ஆகவே நனைந்த கார் எல்லாமே அழகிய கார்தான். எண்ணெய்த்தன்மையான சில பூச்சுகளும் இதே வேலையைச் செய்யும், நாலைந்து கழுவல் வரைக்கும்.

அந்த அண்ணையிடம் பல சனிக்கிழமைகளில் நின்று கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகின்றோம்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது பெயின்றின் தடிப்பு. இன்றைய கார்களில் தகரத்துக்கு மேலே கறள் தடுக்கும் அடிப்பூச்சு, அதற்கு மேலே இன்னொரு பூச்சு, பிறகு நிறம், கடைசியாக நிறமற்ற கிளியர் கோட் என்று பல அடுக்கு இருக்கின்றது. எல்லாம் சேர்ந்தாலும் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குதான். அதிலே கிளியர் கோட் 40, 50 மைக்ரோன் அளவு. தலைமயிரின் தடிப்பைவிடக் குறைவு. வெய்யிலின் புறஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பாற்றுவதும் இந்த மெல்லிய படைதான். இது தேய்ந்து போனால் முதலில் வெளிறும், பிறகு தோல் உரிவது போல உரியும். உரியத் தொடங்கிய கிளியர் கோட்டை எந்தப் பொலிஷாலும் திருத்த முடியாது. திரும்ப அடிப்பதுதான் வழி.

இப்போது தலைப்புக்கு வருவோம். கடைக்குப் போனால் பொலிஷ், வக்ஸ், கொம்பவுண்ட் என்று ஒரே தட்டில் நிற்கும். எங்களில் அநேகர் எல்லாம் ஒன்றென்று நினைத்துக் கைக்கு வந்ததை எடுக்கின்றார்கள். பொலிஷ் என்பது மிக நுண்ணிய அரத்தூள் கலந்த பசை. அது கிளியர் கோட்டைக் கொஞ்சம் தேய்த்து எடுத்து, கீறலின் விளிம்புகளை மட்டமாக்குகின்றது. கொம்பவுண்ட் என்பது அதுவே, கொஞ்சம் முரடானது. மெழுகு எதையும் எடுப்பதில்லை. மேலே ஒரு படையைச் சேர்க்கின்றது. சுருக்கமாகச் சொன்னால் பொலிஷ் செலவு, மெழுகு வரவு. ஒவ்வொரு மாதமும் பொலிஷ் போடுகிறவர் முதலைத் தின்கின்றார். பொலிஷ் பல வருடத்துக்கு ஒருமுறை, தேவைப்பட்டால் மாத்திரம். மெழுகை வருடத்துக்கு மூன்று நாலு முறை பூசினாலும் பெயின்றுக்குக் கெடுதி இல்லை.

இதை அறியாத காலத்தில் நாங்கள் செய்த கூத்தையும் சொல்லத்தான் வேண்டும். பொனற்றில் காய்ந்து கிடந்த பறவை எச்சத்தை எடுக்க, குசினியில் சட்டி தேய்க்கிற பச்சைத் தும்பைக் கொண்டுபோய்த் தேய்த்தோம். எச்சம் போனது, அந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்கு வெண்மையான பூஞ்சல் விழுந்தது. அதை மறைக்கக் கொம்பவுண்ட் வாங்கி, துளை போடுகிற மெசினில் பஞ்சுத்தட்டைப் பூட்டி அழுத்தினோம். பொனற்றின் விளிம்பில் இரண்டு நிமிடத்தில் நீலம் போய்ச் சாம்பல் நிற அடிப்பூச்சு தெரிந்தது. அண்ணை அதைப் பார்த்துவிட்டு, "நீர் தேய்ச்சது ஊத்தையை இல்லைத் தம்பி, காரை" என்றார். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பெயின்ற் எப்போதும் மெல்லிதாகத்தான் இருக்கும். அங்கே மெசின் பிடித்தால் இப்படித்தான் முடியும். இன்றைக்கும் அந்த இடத்தில் விரல்நீளத்துக்குத் தொட்டு அடித்த நிறம் வேறாகத் தெரிகின்றது.

கழுவுவதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கின்றது. கீறல்களில் பெரும்பகுதி கழுவும்போது விழுபவை. மண் ஒட்டிய துணியால் தேய்ப்பதும் அரத்தாளால் தேய்ப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலில் வெறுந்தண்ணீரை நன்றாக அடித்து மண்ணைப் போக்க வேண்டும். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் காருக்கென்று விற்கும் சவர்க்கார நீர், மற்றதில் நல்ல தண்ணீர். துணியைச் சவர்க்கார நீரில் தோய்த்து ஒரு பகுதியைக் கழுவிவிட்டு, மற்ற வாளியில் அலசிப் பிழிந்த பிறகுதான் மறுபடியும் சவர்க்காரத்தில் தோய்க்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும். வட்டம் வட்டமாகத் தேய்க்காமல் நேராக இழுக்க வேண்டும். சில்லுகளுக்கு வேறு துணி. கோப்பை கழுவுகிற சவர்க்காரம் எண்ணெயை எடுப்பதற்கென்றே செய்யப்பட்டது. அது நீங்கள் பூசிய மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். மெழுகைப் புதிதாகப் பூசப்போகும் நாளில் மட்டும் அதனால் பயன் உண்டு.

துடைப்பதற்குப் பழைய பருத்தித் துவாயைவிட மைக்ரோபைபர் துணி நல்லது. டொலர் கடையிலும் கிடைக்கின்றது. அதைத் தோய்க்கும்போது உடுப்பு மென்மையாக்கும் திரவத்தைச் சேர்க்க வேண்டாம். நிலத்தில் விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடியும் காரில் வைக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு மணல் போதும்.

எங்கே கழுவுவது என்பது அடுக்குமாடியில் இருக்கும் எங்களுக்கு ஒரு பிரச்சினை. தெருவோரக் கானுக்குள் போகிற சவர்க்கார நீர் சுத்திகரிக்கப்படாமல் நேரே ஓடைக்கும் ஒன்ராறியோ ஏரிக்கும் போகின்றது. அதனால்தான் நகரசபை வாசலில் கழுவாமல் கழுவும் நிலையங்களுக்குப் போகச் சொல்கின்றது. காசு போட்டுக் கழுவுகிற இடங்களில் வாளி கொண்டுவர விடுவார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே நிற்கிற நுரைத் தூரிகையை மட்டும் தொட வேண்டாம். உங்களுக்கு முன்னால் வந்தவர் அதனால் தன் லொறியின் சேற்றைத் தேய்த்திருப்பார். மெழுகு பூசுவதற்குத் தண்ணீர் தேவையில்லை. கழுவித் துடைத்துக்கொண்டு வந்து நிலக்கீழ்த் தரிப்பிடத்திலேயே ஆறுதலாகப் பூசலாம். வெய்யிலும் படாது.

கழுவிய பின் ஒரு பரிசோதனை. கையை மெல்லிய பிளாஸ்ரிக் பைக்குள் விட்டு, பெயின்றின் மேலே தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் சரி. ரவை தூவியது போலச் சொரசொரப்பு இருந்தால், பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத்தூளும் மரப்பிசினும் ஒட்டியிருக்கின்றன என்று அர்த்தம். இதை எடுப்பதற்கு ஒரு களிமண் கட்டி விற்கின்றார்கள். வழுக்குகிற திரவத்தைத் தெளித்துக்கொண்டு, அழுத்தாமல் அதை ஓடவிட்டால் ஊத்தை கட்டியில் ஒட்டிக்கொள்ளும். அடிக்கடி மடித்துப் புதுப்பக்கத்தைப் பாவிக்க வேண்டும். கட்டி கீழே விழுந்தால் எறிந்துவிட வேண்டியதுதான். விலையைப் பார்த்து மனம் வராது, இருந்தாலும் எறியுங்கள்.

பொலிஷ் தேவையா என்பதை நகத்தால் அறியலாம். கீறலின் குறுக்கே நகத்தை மெல்ல இழுக்கும்போது நகம் தடக்கினால், அது பொலிஷுக்கு அடங்காத ஆழம். தடக்காவிட்டால் குறைக்கலாம். ஆகவும் மென்மையான பொலிஷை முதலில், அதுவும் கண்ணுக்குப் படாத ஒரு மூலையில் முயன்று பாருங்கள். ஒருமுறைக்கு ஒன்றரை அடிச் சதுரம் போதும். கறுப்புப் பிளாஸ்ரிக் பகுதிகளுக்கும் விளிம்புகளுக்கும் ஒட்டுநாடா ஒட்டிக்கொள்ளுங்கள். கையால் செய்தால் தோள் நோகும், எல்லாக் கீறலும் போகாது. ஆனால் பெயின்றை எரிக்கவும் மாட்டீர்கள். மெசின்தான் வேண்டும் என்றால் சுழன்றுகொண்டே அசைகிற வகை பழகுகிறவருக்குப் பாதுகாப்பானது. ஒரே இடத்தில் வேகமாகச் சுழல்கிற வகை அனுபவசாலிக்கு உரியது. துணியில் காரின் நிறம் ஒட்டினால், அந்த இடத்தில் கிளியர் கோட் இல்லை. பழைய முறையில் அடித்த பெயின்றாக இருக்கலாம், அல்லது கிளியர் கோட்டைத் தேய்த்து முடித்துவிட்டீர்கள். உடனே நிறுத்திவிட்டு யோசியுங்கள். கீறல் பாதி மறைந்தாலே எங்களுக்குத் திருப்தி. முழுவதையும் போக்க நினைக்கிறவர் கார் காட்சிக்குக் கொண்டுபோகிறவராக இருக்க வேண்டும்.

இனி மெழுகு. பெயர் பெற்றது கார்னோபா மெழுகு. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒரு மரத்தின் ஓலையிலிருந்து வருகின்றது. அந்த மரமும் எங்கள் பனையும் ஒரே குடும்பம். ஓலையும் விசிறி போலத்தான் விரியும். வெய்யிலில் நீர் ஆவியாகிப் போகாமல் இருக்க மரமே தன் ஓலையில் மெழுகைப் பூசிக்கொள்கின்றது. ஓலையை வெட்டிக் காயவைத்து, தட்டி, உதிர்கின்ற தூளை உருக்கி எடுக்கின்றார்கள். 80 பாகை செல்சியசுக்கு மேலேதான் அது உருகும். நாங்கள் பனையோலையில் பாய் இழைத்தோம், கூரை வேய்ந்தோம். அவர்கள் ஓலையிலிருந்து சப்பாத்துக்கும் இனிப்புக்கும் காருக்கும் மினுக்கம் எடுத்தார்கள்.

ஊரிலே எங்கள் ஐயா ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஒன்று வைத்திருந்தார். 1990க்குப் பிறகு பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் அதுவும் ஒன்று. வெள்ளிக்கிழமை தோறும் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைப்பார். அன்று பின்னேரம் வரைக்கும் மினுங்கும். அடுத்த நாள் ஒழுங்கையின் புழுதி முழுவதும் அதில் ஒட்டியிருக்கும். எண்ணெய் காய்ந்து இறுகாது, மெழுகு இறுகும், வித்தியாசம் அதுதான். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது அந்தக் கார் கொட்டிலிலேயே நின்றது.

மெழுகை எவ்வளவு பூசுவது? தோசைக்கல்லில் பாதி வெங்காயத்தால் எண்ணெய் தடவுவது போல. அதைவிடத் தடிப்பாகப் பூசினால் பயனில்லை. துடைக்கும்போது கைதான் முறியும். தகரம் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும், வெய்யில் படக்கூடாது, வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே போகாமல் இருந்தால் நல்லது. பூசிய பிறகு வெண்பூஞ்சலாக வரும். விரலை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். விரல் போன வழி துப்புரவாகத் தெரிந்தால் துடைக்கலாம், பிசுபிசுத்தால் இன்னும் பொறுக்க வேண்டும். சில மணித்தியாலம் விட்டு இரண்டாம் முறை மெல்லிதாகப் பூசலாம். கறுப்புப் பிளாஸ்ரிக்கில் பட்டால் வெள்ளைக் கறையாக நின்றுவிடும். புதிதாகப் பெயின்ற் அடித்த பகுதிக்கு, அடித்தவர் சொல்லும் வரைக்கும், 30 நாளுக்குக் குறையாமல், மெழுகு வேண்டாம். அது உள்ளே இன்னும் காய்ந்துகொண்டிருக்கும்.

கார்னோபா இரண்டு மூன்று மாதம் நிற்கும். செயற்கைப் பூச்சுகள் அதைவிடக் கூடுதலாக நிற்கும். மினுக்கத்தில் கார்னோபாவுக்கு ஒரு ஆழம் உண்டு என்பார்கள். எங்கள் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பனிக்காலத்துக்கு நாங்கள் செயற்கையானதைத்தான் பூசுகின்றோம்.

ஏனென்றால் இந்த நாட்டில் காரின் எதிரி வெய்யில் அல்ல, வீதியில் போடுகிற உப்பு. உப்புநீர் மின்னைக் கடத்துவதால் கறள் பிடிக்கிற வேகம் கூடுகின்றது. கல் தெறித்த சிறு காயம் ஒன்று போதும், அதற்குள் புகுந்துவிடும். ஆகவே ஒக்ரோபர் மாதத்தில், முதல் உப்பு விழுவதற்கு முன்பு, காயங்களைத் தொட்டு அடித்துவிட்டு மெழுகு பூச வேண்டும். நிறத்தின் இலக்கம் பெரும்பாலும் சாரதிப் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். பனிக்காலத்தில் உறைநிலைக்கு மேலே வருகிற நாளாகப் பார்த்துக் கழுவி, அடிப்பகுதிக்கும் தண்ணீர் அடித்து, கதவு ரப்பர்களைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த நாள் கதவு திறக்காது. பனி கொட்டியதும் வாசல் வழிக்கிற சவளால் பொனற்றை வழிக்கிறவர்களைப் பார்த்திருக்கின்றோம். இரண்டு விரல் தடிப்புக்குப் பனி கிடந்தால் கிடக்கட்டும்.

ஆனால் ஒன்று. மெழுகு வெளியே மட்டும்தான். கதவின் அடி, சில்லு வளைவின் உட்புறம் இவைகளில் உள்ளிருந்து பிடிக்கும் கறளுக்கு மெழுகு தெரியாது. அதற்கு வருடா வருடம் எண்ணெய் அடிக்கிற வேலை வேறு. கதவின் அடியில் தண்ணீர் வடிகிற சிறு துளைகள் உண்டு. அவை சேற்றால் அடைபடாமல் ஒரு ஈர்க்கால் குத்திவிட்டாலே பாதிக் கறள் குறையும்.

புதுக்கார் வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். கையெழுத்து வைக்கப் போகும் நேரத்தில், பெயின்ற் பாதுகாப்பு என்று ஒரு பூச்சை நூற்றுக்கணக்கான டொலருக்கு, சிலவேளை ஆயிரத்துக்கும் மேலே, சேர்க்கப் பார்ப்பார்கள். மாதத் தவணைக்குள் கலந்து சொன்னால் சிறு தொகையாகத் தெரியும். பீங்கான் பூச்சு என்று சொல்லப்படுவது உண்மையிலேயே மெழுகைவிட நெடுநாள் நிற்கும். ஆனாலும் அது கல் தெறிப்பதையும் கறளையும் தடுக்காது. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஒன்ராறியோவில் விற்பனையாளரிடம் காருக்குக் கையெழுத்து வைத்த பின்பு மனம் மாறித் திருப்பிக் கொடுப்பதற்கென்று ஒரு கால அவகாசம் சட்டத்தில் இல்லை. அதனால் சொல்ல வேண்டியதை முன்பே சொல்லிவிடுங்கள். பழைய கார் வாங்குகிறவர்கள் சேப்ரி சான்றிதழை உத்தரவாதம் என்று நினைக்க வேண்டாம். பரிசோதித்த அன்று ஆகக் குறைந்த தரம் இருந்தது என்பதற்குத்தான் அது. 36 நாளுக்குத்தான் செல்லும். பகலில் போங்கள். ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்ச் சில்லு வளைவுகளில் வைத்துப் பாருங்கள். தகரம் இருந்தால் பிடிக்கும், பசை என்றால் விழும். விற்கிறவர் முகம் சுழித்தால் சுழிக்கட்டும். அலுமினியத்திலும் பிளாஸ்ரிக்கிலும் பிடிக்காது என்பதை மட்டும் மறவாதீர்கள்.

கோயிலில் வாகனப் பூசை செய்கிற வழக்கத்தை நாங்கள் விடவில்லை, விடப்போவதுமில்லை. ஆனால் சந்தனமும் குங்குமமும் வெய்யிலில் காய்ந்து பெயின்றில் கறையாக நிற்பதைக் கண்டிருக்கின்றோம். ஐயரிடம் கேட்டால் கண்ணாடியில் பொட்டு வைத்துவிடுவார். தேசிக்காய் சில்லுக்குக் கீழேதானே நசிகின்றது. சாறு கதவில் தெறித்திருந்தால் வீட்டுக்கு வந்ததும் தண்ணீரால் கழுவிவிடுங்கள். புளிப்பும் பறவை எச்சமும் மெழுகுக்கு ஆகாதவை.

எங்கள் நீலக் கார் இன்னும் ஓடுகின்றது. போன சனிக்கிழமை கழுவிவிட்டுப் பார்த்தோம். கூரையில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது, மெழுகு இருக்கின்றது. பொனற்றில் தகடாகப் படர்ந்தது, அங்கே முடிந்துவிட்டது. இடப்பக்கப் பின்கதவின் அடியில் ஒரு கொப்புளம், மிளகு அளவு. அதற்கு மெழுகு பூசவில்லை. அண்ணை வருகிற ஞாயிறு காலை கொண்டுவரச் சொல்லியிருக்கின்றார்.